72 வயது அப்பா, 6 வயது மகள்: இருவரையும் ஒரே பருவத்தில் தண்ணீரில் இறக்கலாமா?

நீலக்கயிறு:

வணக்கம். இந்தப் பகுதியை நீண்ட நாளாக வாசித்து வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நீர்ச்சறுக்கு, அதாவது காலில் ஸ்கீ என்ற நீளப் பலகையை மாட்டி, படகு கயிற்றால் இழுக்கத் தண்ணீர் மேல் சறுக்குவது, தாத்தா காலத்தில் இருந்து வருகிறது. தாத்தா படகு ஓட்டுவார், அப்பா கயிற்றைப் பிடிப்பார். அப்புறம் அப்பா ஓட்டினார், நான் பிடித்தேன். எனக்கு அப்போது 7 வயது. முதல் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். இரண்டாம் நாள் காலையில், எத்தனையாவது தடவை என்று நினைவில்லை, காலுக்கு அடியில் இருந்த தண்ணீர் திடீரென்று கெட்டியாகிவிட்டது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. ஒரு நொடி முன்பு வரை நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த தண்ணீர் தரை மாதிரி ஆகி, அதன் மேல் நான் நின்றுகொண்டிருந்தேன். படகில் அம்மா இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார். அப்பா திரும்பவே இல்லை. ஓட்டுகிறவர் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்பதில் அவர் அவ்வளவு கண்டிப்பு. ஆனால் அவர் தோள் குலுங்கியதை நான் பார்த்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்கு இப்போது 72. நான்கு வருடத்துக்கு முன் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. அதோடு சறுக்குவதை விட்டுவிட்டார், படகு மட்டும் ஓட்டுகிறார். என் மகளுக்கு 6 வயது. கொட்டகைச் சுவரில் தொங்கும் தாத்தாவின் மர ஸ்கீயைப் பார்த்துப் பார்த்து, "நான் எப்போது?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். சரி, இந்தப் பருவத்தில் ஆரம்பிக்கலாம் என்று பேச்சு வந்ததும் அப்பா, "அவள் எழுந்து நிற்கிற வருடம் நானும் ஒரு தடவை நிற்பேன்" என்று சொல்லிவிட்டார். அம்மாவுக்கு அதில் துளியும் சம்மதம் இல்லை. வீட்டில் இரண்டு வாரமாக இதே பேச்சுதான்.

ஆறு வயதுக் குழந்தைக்கு எங்கே இருந்து தொடங்குவது? நான் கற்ற விதத்திலேயே அவளையும் ஆழ்நீரில் இறக்க மனம் வரவில்லை. அப்பாவை என்ன சொல்லித் தடுப்பது, அல்லது தடுக்கத்தான் வேண்டுமா?

இயன்முறை:

நான் இயன்முறை மருத்துவம் பார்க்கிறவன், இருபது வருடமாகச் சறுக்கியும் வருகிறேன். தோளைப் பற்றி அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். அதில் இங்கே யாருடைய கருத்தும் செல்லாது, என்னுடையதும் சேர்த்து. நான் கவலைப்படுவது தொடையைப் பற்றி.

தொடையின் பின்பக்கத் தசை, நாம் உட்காரும்போது தரையில் படுகிற எலும்பில் போய் ஒட்டுகிறது. ஆழ்நீரில் இருந்து எழும்போது அவசரப்பட்டு முழங்காலை நீட்டிவிட்டு இடுப்பில் மட்டும் முன்னால் குனிந்தால், படகின் இழுப்பு முழுக்க அந்த ஒட்டுமிடத்தில் வந்து விழும். தசைநார் எலும்பை விட்டுப் பிய்ந்துவிடும். இந்த விளையாட்டில் எங்களிடம் வருகிற காயங்களில் மிக மோசமானவற்றில் இது ஒன்று. புதிதாகக் கற்பவர்களுக்கு நடக்கும், பல வருடம் விட்டுவிட்டுத் திரும்ப வருகிறவர்களுக்கும் நடக்கும். இரண்டாவது வகைதான் அதிகம் ஏமாறுகிறது. மூளைக்கு எல்லாம் நினைவிருக்கும், தசைக்கு இருக்காது.

அப்பா இறங்கத்தான் போகிறார் என்றால் இப்போதே ஆரம்பியுங்கள். ஆறு, எட்டு வாரம் தொடைக்கும் இடுப்புக்கும் பலம் தரும் பயிற்சி. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் மெதுவாக எழுந்து உட்காருவதில் தொடங்கினாலும் போதும். தண்ணீரில் இரண்டு ஸ்கீ மட்டும். ஒற்றை ஸ்கீயை நினைக்கவே வேண்டாம். முழங்கால் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும், கை நீண்டிருக்க வேண்டும், படகு தூக்கி விடும்வரை உட்கார்ந்தபடியே இருக்க வேண்டும். கொஞ்சம் கோணலாகப் போகிறது என்று தோன்றிய கணமே கைப்பிடியை விட்டுவிட வேண்டும். பழைய ஆட்களுக்குக் கஷ்டமானது இந்தக் கடைசி விஷயம்தான். பிடியை விடுவது தோல்வி என்று அவர்களுக்குப் பழகிவிட்டது.

பழைய படகோட்டி:

குழந்தையைப் பற்றி நான் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் நிறையப் பிள்ளைகளை எழுப்பிவிட்டிருக்கிறேன்.

முதல் பாடம் புல்தரையில். குழந்தையை ஸ்கீயோடு உட்கார வையுங்கள். முழங்கால் மடங்கி இருக்கட்டும், கைப்பிடி முழங்காலுக்கு வெளியே இருக்கட்டும். கயிற்றின் மறுமுனையைத் தாத்தா பிடித்து மெதுவாக இழுக்கட்டும். குழந்தை கையை மடக்கித் தன் பக்கம் இழுக்கப் பார்க்கும், எல்லாரும் அதைத்தான் செய்வார்கள். கையை மடக்கினால் பின்னால் மல்லாந்து விழுவாள். நீட்டி வைத்திருந்தால் கயிறே அவளைத் தூக்கி நிறுத்தும். இது புரிகிறவரை தண்ணீர்ப் பக்கம் போக வேண்டாம். ஒரு நாள் ஆனாலும் சரி, ஒரு வாரம் ஆனாலும் சரி.

அடுத்தது பூம். படகின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும் கம்பி அது. குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு, அல்லது அதில் கட்டிய குட்டைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, படகுக்குப் பக்கத்திலேயே வரும். நீளக் கயிற்றின் முனையில் 18 மீட்டர் தள்ளித் தனியாகக் கிடக்கும் குழந்தைக்கும், அம்மா முகத்தை இரண்டு மீட்டரில் பார்த்துக்கொண்டே வரும் குழந்தைக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று நினைத்துப் பாருங்கள். ஸ்கீயின் முன்முனைகள் இரண்டும் விலகாமல் குட்டையாக ஒரு கயிற்றால் இணைத்திருக்கும் பயிற்சி ஸ்கீ கிடைக்கும், அதை வாங்குங்கள். வேகம் மணிக்கு 20 முதல் 25 கிலோமீட்டர் போதும். அந்த எடைக்கு அதுவே தூக்கிவிடும்.

பூமை விட்டுக் கயிற்றுக்கு மாறும்போது, முதல் சில நாள் கயிற்றைப் படகில் கட்டாதீர்கள். பெரியவர் ஒருவர் படகில் கயிறு கட்டுகிற தூணைச் சுற்றி ஒரு சுற்று விட்டு முனையைக் கையில் பிடித்திருக்கட்டும். குழந்தை விழுந்தும் பிடியை விடவில்லை என்றால் இவர் விட்டுவிடலாம். பயந்துபோன குழந்தை பிடியை விடாது, இன்னும் இறுக்கித்தான் பிடிக்கும். ஆனால் படகில் இருப்பவரும் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது, விரலே போய்விடும்.

நல்ல லைஃப் ஜாக்கெட், உடம்போடு ஒட்டியது. கொஞ்சம் குளிர்ந்த தண்ணீர் என்றால் உடம்புச் சூட்டைக் காக்கும் நியோப்ரீன் ரப்பர் உடையும் வேண்டும். உதடு நடுங்க ஆரம்பித்தால் அன்றைய பாடம் முடிந்தது. மூன்று முயற்சிக்கு மேல் போகாதீர்கள். மூன்றாவதில் எழுந்துவிட்டால்கூட அதோடு நிறுத்துங்கள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மகனுக்கு 5 வயதில் நான் இதில் எதையும் செய்யவில்லை. "கையை நீட்டு, கையை நீட்டு" என்று படகில் இருந்து கத்தினேன். பதினோரு தடவை இழுத்தேன். அப்புறம் அவன் எட்டு வருடம் அந்த ஏரியில் கால் வைக்கவில்லை. இன்றைக்கு அவன் நன்றாகச் சறுக்குகிறான், அவனுக்கு என் மேல் கோபமும் இல்லை. ஆனால் அந்த எட்டு வருடம் எனக்குத் திரும்பி வராது.

புதுஅலை:

ஐயா, நீங்கள் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் இது பொருந்துமா? என்னை என் அப்பா விடவே இல்லை. அழுதுகொண்டேதான் எழுந்தேன். எழுந்த பிறகு அழுகை நின்றுவிட்டது. அன்று அவர் விட்டிருந்தால் நான் இன்று ஸ்லாலம், அதுதான் மிதவைகளைச் சுற்றிச் சறுக்கும் போட்டி, ஆடிக்கொண்டிருக்க மாட்டேன். எனக்கு 19 வயது.

பழைய படகோட்டி:

தம்பி, உன் அப்பாவுக்கு உன்னைத் தெரிந்திருக்கிறது. எனக்கு என் மகனைத் தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமைதிநீர்:

நான் யாரையும் புண்படுத்த வரவில்லை. ஆனால் ஒருவராவது இதைச் சொல்ல வேண்டும். என் மாமா 68 வயதில் "ஒரே ஒரு தடவை" என்று இறங்கினார். மேலே இயன்முறை அவர்கள் சொன்ன காயமேதான். அறுவை சிகிச்சை, பல மாதம் ஊன்றுகோல். இப்போதும் நீண்ட நேரம் உட்கார முடியவில்லை. அன்று படகில் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. "வேண்டாம் மாமா" என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. உங்கள் அம்மா சொல்வதைக் கேளுங்கள். பேத்தி சறுக்குவதைப் படகில் இருந்து பார்ப்பதும் சந்தோஷம்தானே?

மர ஸ்கீ:

அந்த மர ஸ்கீயைப் பற்றி யாரும் பேசவில்லையே! சகோதரி, அது எந்த மரம், பைண்டிங், அதாவது கால் நுழைக்கும் பட்டை, ரப்பரா தோலா? முடிந்தால் படம் போடுங்கள். ஒரு வேண்டுகோள்: ஆசைப்பட்டுக்கூட அதைப் போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். பழைய ரப்பர் பார்க்க நன்றாக இருக்கும், இழுக்கும்போது பிசுபிசுத்து அறுந்துவிடும்.

சுவரில் தொங்கும் ஸ்கீ என்றதும் எனக்கு ரால்ஃப் சாமுவேல்சன் நினைவுக்கு வந்துவிட்டார். இந்த விளையாட்டைத் தொடங்கி வைத்தவர். 1922, அமெரிக்காவின் மினசோட்டாவில் பெப்பின் ஏரி. அவருக்கு அப்போது 18 வயது. முதலில் பீப்பாய்ப் பலகைகளைக் காலில் கட்டிப் பார்த்தார், மூழ்கினார். பனிச்சறுக்குப் பலகையில் முயன்றார், அதிலும் மூழ்கினார். கடைசியில் 8 அடி நீளத்தில் இரண்டு பைன் பலகைகளை வாங்கி, முனையை வளைப்பதற்காக அம்மாவின் செம்புக் கொப்பரையில் வைத்து வேக வைத்தார். கால் நுழைக்கத் தோல்பட்டை அடித்தார். ஜன்னல் கயிறு ஒன்றை எடுத்து, முனையில் கொல்லரிடம் செய்த இரும்பு வளையத்தைக் கட்டினார். படகை ஓட்டியது அண்ணன் பென். நாள் கணக்கில் விழுந்து எழுந்து, ஜூலை 2 அன்று, தன் 19-வது பிறந்தநாளுக்கு முந்தின நாள், பின்னால் சாய்ந்து ஸ்கீ முனைகளைத் தண்ணீருக்கு மேல் தூக்கி வைத்தபோது எழுந்து நின்றுவிட்டார். இன்றைக்கு நாம் ஆறு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தரும் அதே "முனையை மேலே வை"தான், அவர் தானே கண்டுபிடித்தது. அம்மாவின் பாத்திரம், அண்ணனின் படகு. ஆரம்பத்திலேயே இது குடும்ப விளையாட்டுதான் என்று எனக்குத் தோன்றும்.

1925-இல் பாதி மூழ்கிய மேடை ஒன்றில் பன்றிக் கொழுப்பைத் தடவி அதன் மேல் ஏறித் தாவினார். முதல் தாண்டல் அது. ஆனால் எதற்கும் காப்புரிமை வாங்கவில்லை. அதே 1925-இல் ஃப்ரெட் வாலர் என்பவர் ஸ்கீக்குக் காப்புரிமை பெற்றார். சாமுவேல்சனை உலகம் மறந்தே போயிற்று. 1963-இல்தான் ஒரு பத்திரிகையாளர் அந்த ஏரிக்கரையில் சுவரில் தொங்கிய பழைய ஸ்கீயைப் பார்த்துவிட்டு, இது யாருடையது என்று கேட்டார். 1966-இல் அமெரிக்க நீர்ச்சறுக்குச் சங்கம் முதன்முதலில் சறுக்கியவர் அவர்தான் என்று ஏற்றுக்கொண்டது. நாற்பது வருடம் கழித்து அவரை மீட்டது அந்தப் பலகைதான். அதனால் உங்கள் சுவரில் இருப்பதன் பின்பக்கம் தாத்தாவின் பெயரையும் வருடத்தையும் எழுதி வையுங்கள். தயவுசெய்து.

ஆறாம் மிதவை:

அமைதிநீர் அக்காவின் வலி எனக்குப் புரிகிறது. அவர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் இதை எழுதுகிறேன்.

வயதானவர்கள் சறுக்குவது விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம். போட்டிகளில் 35 வயதில் இருந்து மூத்தோர் பிரிவுகள் தொடங்கி 80-ஐத் தாண்டியும் போகின்றன. வயது கூடக் கூட அதிகபட்ச வேகத்தைக் குறைத்திருப்பார்கள். ஜார்ஜ் பிளேர் என்று ஒருவர் இருந்தார், 1915-இல் பிறந்தவர். முதுகெலும்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு, 40 வயதில்தான் முதன்முதலாக ஸ்கீயில் ஏறினார். 46-இல் வெறுங்காலில் சறுக்கக் கற்றார். 2002-இல், 87 வயதில், வெறுங்காலில் சறுக்கிய மிக மூத்தவர் என்று கின்னஸ் பதிவில் இடம்பிடித்தார். எப்போதும் மஞ்சள் உடைதான். இதைச் சொல்லி யாரையும் தூண்டிவிடவில்லை. உங்கள் அப்பா நான்கு வருடம் தண்ணீருக்கு வெளியே இருந்திருக்கிறார். கணக்கில் எடுக்க வேண்டியது அந்த நான்கு வருடத்தைத்தான், 72-ஐ அல்ல.

ஏன் விட முடியவில்லை என்று வெளியே இருப்பவர்களுக்குச் சொல்வது கடினம். நான் ஸ்லாலம் ஆடுகிறவன். ஆறு மிதவைகள், ஒவ்வொன்றும் நடுக்கோட்டில் இருந்து 11.5 மீட்டர் தள்ளி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று. படகு நேராகப் போகும், நாம் ஆறையும் வெளியே சுற்றி வர வேண்டும். ஆண்களுக்கு உச்ச வேகம் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்களுக்கு 55. அந்த வேகத்தில் ஆறையும் சுற்றி முடித்தால் கயிற்றைக் குறைப்பார்கள். 18.25 மீட்டரில் தொடங்கி 16, 14.25, 13, 12, அப்புறம் 11.25. இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள். மிதவை 11.5 மீட்டரில் இருக்கிறது, கயிறு 11.25 மீட்டர்தான். கயிறு எட்டாத இடத்துக்கு நாம் நம் உடம்பை நீட்டித்தான் போக வேண்டும். தண்ணீருக்குக் கிடையாகச் சாய்ந்து, ஒரு கையால் பிடித்து, ஸ்கீயை மட்டும் மிதவைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வர வேண்டும். அந்த இடத்தைத் தொட முயன்றே என் பதினைந்து வருடம் போய்விட்டது. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பெரியப்பா. அவர் 12 மீட்டர்க் கயிறு வரை போனவர். நான் 11.25-இல் இரண்டு மிதவை சுற்றிய அன்று முதல் தொலைபேசி அழைப்பு அவருக்குத்தான். "எந்தப் பக்கம் சாய்ந்தாய், எவ்வளவு நேரம் காத்திருந்தாய்" என்று அரை மணி நேரம் கேட்டார். அவர் இப்போது சறுக்குவதில்லை. ஆனால் அந்த அரை மணி நேரம் அவர் தண்ணீரில்தான் இருந்தார்.

அதனால் அமைதிநீர் அக்கா சொன்ன மாதிரி, பார்ப்பதிலும் முழு சந்தோஷம் உண்டு. ஆனால் இறங்குவதா பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான், மருத்துவரிடம் கேட்ட பிறகு.

நீலக்கயிறு:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு அப்பா இந்த இழை முழுவதையும் வாசித்தார். தொடைத்தசை பற்றிய பத்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இது எனக்கு யாரும் சொன்னதில்லை" என்றார். மருத்துவரைப் பார்க்க ஒப்புக்கொண்டுவிட்டார்.

அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அமைதிநீர் அவர்கள் எழுதியதைக் கேட்டதும் அமைதியாகிவிட்டார். அப்புறம் அவர் சொன்னது: "முப்பது வருடத்துக்கு மேல் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். அவர் விழுந்த ஒவ்வொரு விழுகையும் எனக்குத் தெரியும். அவருக்கே நினைவில்லாதது எனக்கு நினைவிருக்கிறது." அம்மா ஒரு நாளும் ஸ்கீயில் ஏறியதில்லை. எங்கள் படகில் கவனிப்பாளர் அவர்தான். அவருடைய எதிர்ப்பை வெறும் பயம் என்று இவ்வளவு நாளும் நினைத்ததற்காக வருத்தப்படுகிறேன்.

மர ஸ்கீ அவர்களே, தோல் இல்லை, ரப்பர்தான். விரல் வைத்தால் ஒட்டிக்கொள்கிறது, நீங்கள் சொன்னது சரி. கைப்பிடி இன்னும் நன்றாக இருக்கிறது. நடுவில் தாத்தா சுற்றிய துணிப்பட்டை வழவழவென்று தேய்ந்து, இரண்டு கை பிடித்த இடம் மட்டும் கறுத்திருக்கிறது. என் கையை வைத்துப் பார்த்தேன், தாத்தா கை என் கையைவிடச் சிறியது.

கரையோரம்:

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதற்காகவே இந்த இழைக்குள் வருகிறேன். இந்த விளையாட்டைப் பற்றிப் பேசும்போது சறுக்குபவரைச் சொல்வார்கள், ஓட்டுபவரைச் சொல்வார்கள், நடுவில் பின்னோக்கி உட்கார்ந்திருப்பவரை யாரும் சொல்வதில்லை. ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், அதனால் சறுக்குபவருக்குக் கண் இவர் ஒருவர்தான். பல நாடுகளில் இவர் இல்லாமல் இழுக்கவே சட்டம் அனுமதிக்காது.

சைகைகளைக் குழந்தைக்குப் புல்தரைப் பாடத்திலேயே பாட்டி சொல்லிக்கொடுக்கட்டும். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை. தலையில் தட்டினால் கரைக்குப் போகலாம். கழுத்துக்குக் குறுக்கே கை போனால் உடனே இன்ஜினை நிறுத்து. விழுந்த பிறகு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கோத்துக் காட்டினால் நான் நன்றாக இருக்கிறேன். இந்தக் கடைசிச் சைகைக்காகக் காத்திருக்கும் இரண்டு, மூன்று நொடி எவ்வளவு நீளம் என்று பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். என் தம்பிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டு நடக்க முடியாமல் போனது. உட்கார்ந்து சறுக்கும் ஸ்கீயில் அவன் திரும்பத் தண்ணீருக்கு வந்த முதல் நாள், கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் திருப்பத்தில் கவிழ்ந்தான். தலை வெளியே வந்தது, கை வரவில்லை. அப்புறம் வந்தது.

பழைய படகோட்டி:

அம்மா பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கையையும் சேர்க்கிறேன். இன்ஜின் ஓடும்போது குழந்தைகளைப் படகின் பின்மேடையில் உட்கார விடாதீர்கள். ப்ரொப்பெல்லர் ஆபத்து எல்லாருக்கும் தெரியும். கார்பன் மோனாக்சைடு அங்கே வந்து தேங்கும் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. மணமே இருக்காது, குழந்தை தூங்கிவிட்டதோ என்று நினைப்போம். விழுந்தவரை ஏற்றும்போதும் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் ஏணியை இறக்க வேண்டும்.

நீலக்கயிறு:

மூன்று மாதம் கழித்து வருகிறேன், சொல்ல நிறைய இருக்கிறது.

மருத்துவர் தோளைப் பார்த்துவிட்டு, பயிற்சி செய்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார். அப்பா பத்து வாரம் தினமும் நாற்காலிப் பயிற்சி செய்தார். எண்ணிக்கையை அம்மாதான் வைத்திருந்தார். ஒரு நாள்கூட ஒன்று குறைத்து எண்ணவில்லை.

மகளின் புல்தரைப் பாடம் நான்கு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் படகில் ஏறினாள், பூமைப் பார்த்தாள், "இன்று வேண்டாம்" என்றாள். என் வாயில் "ஒரே ஒரு தடவை" என்று வந்துவிட்டது. படகோட்டி ஐயா சொன்ன பதினோரு தடவை நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டேன். அன்று அவள் பாட்டி பக்கத்தில் பின்னோக்கி உட்கார்ந்து, நான் சறுக்கியதைப் பார்த்தாள். அடுத்த வாரமும் பார்க்க மட்டும்தான் செய்தாள். மூன்றாவது வாரம் காற்றே இல்லாத காலை. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது, ஸ்கீ போனால் துணி கிழிவது போல் ஒரு சத்தம் மட்டும் வரும் நாள். தானாகவே ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். பூமில் இரண்டாவது முயற்சியில் எழுந்தாள். நான் தண்ணீரில் அவள் பக்கத்தில் இல்லை, பூமுக்கு மேலே குனிந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது கெட்டியாகிவிட்டது என்று முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அப்பா அதற்குப் பத்து நாள் கழித்து இறங்கினார். படகை நான் ஓட்டினேன். முதல் முயற்சியில் ஸ்கீ கோணியது, உடனே பிடியை விட்டுவிட்டார். இயன்முறை அவர்களே, அதற்காக உங்களுக்கு என் தனி நன்றி. இரண்டாவதிலும் விட்டார். மூன்றாவதில் எழுந்தார். படகு கிளப்பும் அலைக்கு உள்ளேயே, அதைக் கடக்காமல், ஒரே நேராக வந்தார். நான் திரும்பவில்லை. கண்ணாடியில் அவருடைய வெள்ளைத் தலை மட்டும் தெரிந்தது. அரைச் சுற்று போயிருக்கும், அம்மா என் தோளைத் தொட்டு, "தலையில் தட்டுகிறார், போதுமாம்" என்றார். ஒரு முழுச் சுற்றாவது போவார் என்று நான் நினைத்திருந்தேன். கரையில் ஏறியதும் அம்மாவிடம் அவர் கேட்டது, "சரியாகத்தானே நிறுத்தினேன்?" அம்மா ஆமாம் என்றார்.

அமைதிநீர் அவர்களே, உங்கள் பதிவை அப்பா அச்செடுத்துப் படகுப் பெட்டியில் வைத்திருக்கிறார். அடுத்த வருடம் இறங்குவதாக இல்லை என்கிறார். நாற்காலிப் பயிற்சியை மட்டும் நிறுத்தவில்லை.

அமைதிநீர்:

இதை வாசித்தபோது அழுதுவிட்டேன். மாமாவுக்கும் வாசித்துக் காட்டினேன். "மூன்றாவதில் எழுந்தாரா?" என்று கேட்டார். அப்புறம் எந்த ஸ்கீ, என்ன வேகம், தண்ணீர் எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பதில் தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கு வேண்டும்.

நீலக்கயிறு:

மாமாவிடம் சொல்லுங்கள்: அகலமான இரட்டை ஸ்கீ. எழும்பிய பின் மணிக்கு 38 கிலோமீட்டர், அதற்கு மேல் நான் கூட்டவில்லை. தண்ணீர் கண்ணாடி இல்லை, தெற்கில் இருந்து லேசாகச் சிலிர்ப்பு இருந்தது.

கரையோரம் அக்காவுக்கும் ஒரு செய்தி. மகள் நேற்று நீளக் கயிற்றுக்கு மாறினாள். அப்பா ஓட்டினார், அம்மா பின்னோக்கி உட்கார்ந்திருந்தார், கயிற்று முனை என் கையில். விழுந்தாள். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கைகள் தலைக்கு மேல் கோத்து வந்தன. அதோடு நிற்காமல் இரண்டு முஷ்டிகளையும் டக் டக்கென்று ஒன்றோடொன்று முட்டிக் காட்டினாள். நாங்கள் சொல்லிக்கொடுத்த சைகைகளில் அது இல்லை. அப்பா முன்னால் பார்த்தபடியே, "என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார்.

"இன்னொரு தடவையாம்," என்றார் அம்மா.